மாடியறைக் காற்று

சுகாசினிக்குப் பயம் என்பதே கிடையாது என்று செவிலிமேட்டில் அவள் தெருக்காரர்கள் சொல்வார்கள். மழைக்காலத்தில் பாலாற்றுப் பக்கமிருந்து வீட்டுக்குள் வரும் பாம்பை அவள்தான் துடைப்பக்கட்டையால் தள்ளி வெளியே விடுவாள். ஒரகடத்துக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், பெண்களை இடித்துக்கொண்டு உட்காரும் சூப்பர்வைசரை ஓடும் வேனிலேயே எழுப்பி நிற்கவைத்தவள். ஆனாலும் அவளுக்கு ஒரு பயம் இருந்தது. கணவன் சத்யராஜுக்குக்கூட அது எவ்வளவு ஆழம் என்று தெரியாது. பக்கத்தில் யாராவது தொடர்ந்து இருமினால் அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும்.

அவளுடைய அப்பா முருகேசன் முசரவாக்கத்தில் அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். அவள் சின்னப் பெண்ணாக இருக்கும்போது அவருக்குக் காசநோய் வந்தது. மாத்திரையைக் கொஞ்ச நாள் சாப்பிடுவார், உடம்பு தேறியதும் விட்டுவிடுவார். அம்மா மரியம்மாள் அவருக்கென்று தனித் தட்டும் தனி டம்ளரும் ஒதுக்கி, வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பு இறக்கி அங்கே கட்டிலைப் போட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுகாசினி சாய்ப்புக்கு வெளியே போய் நிற்பாள். "அங்கியே நில்லு கண்ணு, கிட்ட வராத" என்று அவர் கையைக் காட்டுவார். ஒவ்வொரு மாதமும் அந்தக் கை மெலிந்துகொண்டே வந்தது. அவர் சாகும்வரை அவள் அவரைத் தொடவில்லை. தொட விடவில்லை.

அந்தப் பெண் வளர்ந்து, சத்யராஜைக் கட்டிக்கொண்டு செவிலிமேட்டுக்கு வந்தாள். அவன் கம்பெனி பஸ் ஓட்டுபவன். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். ஒரே மகள் திரிஷா. ஆறாம் வகுப்பு. கீழே இரண்டு அறை, மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை, இதுதான் வீடு.

கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்து பேக்கிங் பெண்களை ஒட்டுமொத்தமாக நிறுத்தியபோது சுகாசினி வீட்டில் சும்மா இருக்கவில்லை. சிப்பிக்காளான் வளர்ப்பு பற்றிய அரசுப் பயிற்சி ஒன்றுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தாள். அவளோடு கற்றவர்கள் எல்லோரும் தோட்டத்தில் கீற்றுக் கொட்டகை போட்டார்கள். அவளுக்குத் தோட்டம் ஏது? மாடியறைதான் இருந்தது. வெயில் காலத்தில் அது அடுப்பாகக் கொதிக்கும்.

வழி சொன்னவன் சத்யராஜ். அவனோடு வேலை பார்க்கும் ஒருவருடைய உறவினர் சென்னையில் வீட்டுக்குள்ளேயே டென்ட் போட்டு, விளக்கு வைத்துக் கீரை வளர்த்திருக்கிறார். வெளிநாடு போகிறவர், அதைக் கழித்துக் கட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்யராஜ் போய் வாங்கிவந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மாடியில் உட்கார்ந்து அதைப் பிரித்தார்கள். இரும்புக் குழாய்கள், மூலைக்கு மாட்டும் பிளாஸ்டிக் முட்டிகள், வெளியே கறுப்பும் உள்ளே வெள்ளியுமாகப் பளபளக்கும் பெரிய துணி உறை. போனில் வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுக் குழாய்களைச் சொருகினார்கள். முதல் தடவை கூடு கோணலாக நின்றது. உறையை மாட்டிய பிறகுதான் அடிக்குழாய் ஒன்றை விட்டுவிட்டது தெரிந்து, எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூட்டினார்கள். ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரம், கட்டில் போடும் அகலம். முன்பக்கம் ஜிப் வைத்த கதவு.

திரிஷா உள்ளே போய் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டாள். "ம்மா, ஸ்பேஸ்ஷிப் மாதிரி இருக்குது. ஆனா ஒரே புழுக்கமா கீது."

"அதுக்குத்தான் ஃபேனு" என்றான் சத்யராஜ். காளானும் நம்மைப் போல மூச்சு விடும், விட்ட மூச்சை வெளியேற்றாவிட்டால் தண்டு மட்டும் நீண்டு குடை விரியாது என்று சுகாசினி பயிற்சியில் படித்ததை அவனுக்குச் சொல்லியிருந்தாள். பஸ் எஞ்சினோடு பழகியவனுக்கு மற்றது புரிந்துவிட்டது. டென்டின் அடிப்பக்கம் வலை வைத்த திறப்புகளைத் திறந்துவிட்டான். மேல் வளையத்தில் எக்ஸாஸ்ட் ஃபேனைத் தொங்கவிட்டான். அதிலிருந்து சுருள் சுருளாக நீளும் வெள்ளித்தாள் பைப்பை ஜன்னலுக்கு இழுத்து, கம்பிக்கு வெளியே வாய் வைத்துக் கட்டினான். "கீழ புதுக்காத்து நுழையும், மேல கெட்ட காத்து போவும். அவ்ளோதான் கணக்கு."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. வைக்கோலை அவித்து, விதை தூவி, பாலிதீன் பைகளில் அடைத்துக் கட்டிய படுக்கைகள் டென்டுக்குள் வரிசையாகத் தொங்கின. ஈரச் சாக்குகள் உள்ளே குளிர்ச்சியைப் பிடித்துவைத்தன. மூன்றாவது வாரம் பையின் கீறல்களில் மொட்டுகள் எட்டிப் பார்த்தன. ஏனாத்தூர் காலேஜ் பக்கம் மெஸ் நடத்தும் ஷமீம் பானு தினமும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். பானு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள். கணவன் ஹயாத் பாஷா ஆட்டோ வைத்திருந்தார். காளான் பிரியாணி போட்ட முதல் நாளே மாணவர்கள் தட்டை வழித்துச் சாப்பிட்டதாக அவள் வந்து சொன்னபோது சுகாசினிக்குக் கம்பெனி வேலை போனதே மறந்துவிட்டது.

தகராறு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. பட்டம்மாள் வீட்டில் தறி. சாயம் போட்ட பட்டு நூலை அவர்கள் மாடியில் கொடி கட்டி உலர்த்துவார்கள். ஒரு நாள் காலையில் பட்டம்மாள் அரக்கு நிற நூல்கண்டு ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா சுகாசினி, இதப் பாரு. மாவு மாதிரி இன்னாவோ படிஞ்சி கீது. ஒங்க ஜன்னல்ல இருந்துதான் வருது."

நூலின் மேல் மெல்லிய வெண்தூள். விரலால் தொட்டால் ஒட்டியது. முற்றிய காளான் குடையிலிருந்து உதிரும் வித்துத்தூள் அது. பானை மூடியிலும் டென்டின் கறுப்புத் துணியிலும் அவள் அதைப் பார்த்திருக்கிறாள், துடைத்திருக்கிறாள்.

"மன்னிச்சிக்கோங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

"மொதலாளிகிட்ட நூல் வாங்கியாந்து நெய்யறோம்மா. கறை கிறை ஆச்சின்னா நாங்க இன்னா பதில் சொல்றது?"

பட்டம்மாள் சத்தம் போடவில்லை. அதுவே சுகாசினிக்கு வெட்கமாக இருந்தது. தெருவில் ஒரு பேச்சு கிளம்பினால் தொழிலையே நிறுத்தச் சொல்லிவிடுவார்களோ என்ற கவலை வேறு. அன்றே ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த பைப்பை அவிழ்த்தாள். அறைக்குள்ளேயே மூலையைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். ஜன்னலைச் சாத்திவிட்டாள். இரவு ஷிப்டில் இருந்த சத்யராஜிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

அதில் ஒரு லாபமும் தெரிந்தது. வெளியிலிருந்து அனல் வராததால் சாக்குகள் சீக்கிரம் காயவில்லை. தண்டு மட்டும் கொஞ்சம் நீண்டது. அதற்காக ஃபேனை நாளெல்லாம் ஓடவிட்டாள். ஃபேன் டென்டுக்குள் இருந்த காற்றை இழுத்து அறையில் கொட்டியது. அறையில் இருந்த காற்று அடித் திறப்புகள் வழியாக மறுபடி டென்டுக்குள் போனது.

காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று பிறகு டாக்டர் கேட்டபோது அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. காலையில் காளான் பறித்த ஒரு நாள், மாலையில் உடம்பு முறுக்கியது. குளிரெடுத்து நடுங்கியது. வறட்டு இருமல். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தாள். அடுத்த நாள் சரியாகிவிட்டது. சில நாள் கழித்து மறுபடி வந்தது. பிறகு அடிக்கடி வந்தது. சாயங்காலம் நெருங்கினால் எலும்புக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருக்கும். அவள் புறங்கையை எடுத்துக் கழுத்தில் வைத்துப் பார்ப்பாள். சுடும்.

சாயங்காலக் காய்ச்சல். அந்த வார்த்தை மனதில் வந்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அப்பாவுக்கும் சாயங்காலம்தான் வரும்.

அதன் பிறகு அவள் கண்ணில் வேறெதுவும் படவில்லை. ரவிக்கை தொளதொளத்தது. கண்ணாடியில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பஸ் நிறுத்தச் சுவரில் இருமல் பற்றிய விளம்பரம் ஒன்று ஒட்டியிருந்தார்கள். அதைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மருந்துக் கடையில் இருமல் டானிக் வாங்கப் போனால் ஒரே கடைக்குப் போகமாட்டாள். இருமித் துப்பியதில் ரத்தம் இருக்கிறதா என்று தினமும் குனிந்து பார்த்தாள். இல்லை. இல்லாததும் நிம்மதி தரவில்லை. நாளைக்கு வரும் என்று நினைத்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இப்போது மருந்து இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகிவிடும், இதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிந்தது தலையோடு நின்றுவிட்டது. பரிசோதித்து ஆமாம் என்று சொல்லிவிட்டால்? காளான்காரிக்குக் காசநோய் என்று தெருவில் தெரிந்தால் பானுவின் மெஸ்ஸில் யார் சாப்பிடுவார்கள்? திரிஷாவைப் பள்ளிக்கூடத்தில் யார் பக்கத்தில் உட்காரவிடுவார்கள்? எல்லாவற்றையும்விட இன்னொன்று அவளை உலுக்கியது. ஏற்கனவே அந்தப் பிள்ளைக்கு ஒட்டியிருந்தால்?

அவள் தனக்கென்று ஒரு தட்டை ஒதுக்கிக்கொண்டாள். யாருக்கும் தெரியாமல் அதன் விளிம்பில் ஆணியால் ஒரு கீறல் போட்டுவைத்தாள். திரிஷா கட்டிப்பிடிக்க வந்தால், "வேர்வையா கீறேன், போ அப்பால" என்று விலகினாள். கடைசியில் பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு மாடியறைக்குப் போய்விட்டாள்.

"இன்னாத்துக்கும்மா மேல?" என்று கேட்டாள் திரிஷா.

"பெட்டுக்கு அடிக்கடி தண்ணி தெளிக்கணும். இறங்கி ஏறிக்கினு இருக்க முடியாது."

"நானும் வரவா?"

"வேணாம். கதவத் தாப்பா போட்டுக்கினு படு. அப்பா வந்தா தெறந்து வுடு."

பிள்ளை முகம் சுண்டிப்போனதைப் பார்த்தும் பார்க்காததுபோல் படியேறினாள். டென்டுக்குப் பக்கத்தில், பைப்பின் வாய் பார்த்திருந்த மூலையில்தான் பாய் விரிக்க இடம் இருந்தது. இருமல் சத்தம் கீழே கேட்காதபடி கதவையும் சாத்திக்கொண்டாள். ஃபேனின் ரீங்காரம் இருமலை மூடிக்கொண்டது. அது தனக்கு உதவி செய்வதாக நினைத்தாள்.

மாடிக்குப் போன பிறகு நோய் வேகமாக முற்றியது. இரண்டு வாரங்களில் பாதி ஆளாகிவிட்டாள். சத்யராஜ் ஒருநாள் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"சோறு துன்றியா இல்லியா சுகா?"

"வேலை சாஸ்தி. வேறொண்ணும் இல்லீங்க."

"டாக்டர்கிட்ட காட்டலாம், வா."

"ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல."

அவள் குரலில் இருந்த கடுமையைக் கேட்டு அவன் வற்புறுத்தாமல் விட்டுவிட்டான். பின்னாளில் அதை நினைத்து அவன் தன்னையே திட்டிக்கொண்டான்.

அந்தச் சமயத்தில்தான் முசரவாக்கத்தில் அவள் தம்பி தினகரன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். போகாமல் இருக்க முடியாது. முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு, யாராவது கேட்டால் தூசி அலர்ஜி என்று சொல்லிக்கொண்டு போனாள். விசேஷம் முடிந்தும் தம்பி மனைவி விடவில்லை. "இன்னாண்ணி இப்டி எளைச்சிட்டீங்க, நாலு நாள் இருந்துட்டுப் போங்க" என்று பிடித்துவைத்தாள். புது வீட்டின் முன்னறையில் ஒதுங்கிப் படுத்தாள் சுகாசினி. முதல் நாள் காய்ச்சல் வந்தது. அடுத்த நாள் லேசாக வந்தது. அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் புறங்கையைக் கழுத்தில் வைத்தபோது குளிர்ந்திருந்தது. நம்பாமல் இன்னொரு கையை வைத்தாள். இருமல் அடங்கியது. இரண்டு ஆள் சோறு சாப்பிட்டாள். காமாட்சியம்மனிடம் வேண்டிக்கொண்டது பலித்துவிட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வேறு எப்படித் தோன்றும்?

வீடு திரும்பிய அன்று சாயங்காலம் திரிஷாவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிள்ளை, பெரிய பெண்ணாகிவிட்டதை மறந்து அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கீழேயே, அவள் பக்கத்திலேயே படுத்தாள். எத்தனையோ நாள் கழித்து நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் காலையில் மாடிக்குப் போனாள். சத்யராஜ் ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில், இருட்டோடு தண்ணீர் மட்டும் தெளித்துவிட்டுப் போயிருந்தான், பறிக்கவில்லை. காளான்கள் முற்றி, குடைகள் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு, சாக்கு, குழாய், தரை எல்லாம் வெள்ளையாகப் பொடி பூத்துக் கிடந்தது. குளிர்ச்சி போய்விடக் கூடாதென்று உள்ளே போய் ஜிப்பை மூடிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். முற்றியதைப் பிய்த்துப் போட்டு, படுக்கைகளைத் துடைத்து, தரையைப் பெருக்கி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உதடு குளிர்ந்தது. பிறகு தாடை அடித்துக்கொண்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது. போகவில்லை, அது போகவே இல்லை. ஒளிந்திருந்து பார்த்திருக்கிறது. நேற்று அவள் மகளை மடியில் போட்டுக்கொண்டாள். முகத்தோடு முகம் வைத்துத் தூங்கினாள்.

பாயைச் சுருட்டிக்கொண்டு மறுபடி மாடிக்கு ஏறினாள். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு உள்ளே போகிறது, ஆனால் போதவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துத் தவழ்ந்து அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். போன் கீழே இருந்தது. அதை எடுக்க இனி இறங்க முடியாது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த திரிஷா கதவைத் தட்டினாள்.

"ம்மா. ம்மா, கதவத் தெற."

"போ... கீழ போ."

"ஏம்மா இப்டிப் பேசற? ஒடம்பு சரியில்லியா?"

"கிட்ட வராத கண்ணு. அங்கியே நில்லு."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று சுகாசினிக்கு உறைத்தது. அழுகை வந்தது, அழுவதற்கு மூச்சு இல்லை. கதவுக்கு வெளியே பிள்ளையின் காலடி படிகளில் இறங்கி ஓடுவது கேட்டது. சொன்னதைக் கேட்டுக்கொண்டு போய்விட்டது, நல்லது என்று நினைத்தாள். அடுத்த கணமே தனியாகச் செத்துப்போகப் போகிறோம் என்ற பயம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. கூரைத் தகட்டின் ஓட்டை வழியாக வெயில் ஒரு கோலாக அறைக்குள் சாய்ந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் வெண்தூள் கூட்டம் கூட்டமாகச் சுழன்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

திரிஷா ஓடியது ஷமீம் பானு வீட்டுக்கு. மெஸ்ஸின் சாயங்காலச் சமையலுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைப் போட்டுவிட்டு வந்தாள். ஹயாத் பாஷாவும் பின்னாலேயே வந்தார். பானு கதவைத் தட்டவில்லை, தோளால் இடித்தாள். பழைய தாழ்ப்பாள் இரண்டாவது இடியில் பிய்ந்து வந்தது.

"வராதீங்கக்கா" என்றாள் சுகாசினி. "எனக்கு அந்த நோவு. ஒட்டிக்கும்."

"எந்த நோவு? யார் சொன்னா? டாக்டர் சொன்னாரா?"

சுகாசினி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அப்போ நீயா வச்சிக்கினியா? எழுந்திரு மொதல்ல." பானு குனிந்து அவளைத் தன்மேல் சாய்த்துத் தூக்கினாள். "அல்லா, காத்தாட்டம் கீறியே. ஏங்க, இந்தப் பக்கம் புடிங்க. திரிஷாம்மா, அப்பாக்குப் போன் போடு."

ஆட்டோவில் போகும்போது சுகாசினி முகத்தை வெளிப்பக்கமே திருப்பி வைத்திருந்தாள். தன் மூச்சு யார்மேலும் படக்கூடாதென்று. பானு அவள் தலையை இழுத்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். படம் எடுத்தார்கள். நுரையீரல் இரண்டிலும் புகை மூட்டம் போலத் தெரிந்தது. சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சுகாசினி, முடிவு வரும்வரை திரிஷாவை வார்டுக்குள் விடவேண்டாம் என்று நர்சிடம் சைகை காட்டினாள். சத்யராஜ் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் அன்றுதான் அப்பாவைப் பற்றி, சாய்ப்பைப் பற்றி, கீறல் போட்ட தட்டைப் பற்றி, எல்லாவற்றையும் மூச்சு விட்டு விட்டுச் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். அவள் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் பெண் டாக்டர் ஒருவர் பரிசோதனைத் தாளோடு வந்தார்.

"டி.பி. இல்லம்மா."

சுகாசினி அவரையே பார்த்தாள். "நல்லா பாருங்க டாக்டர். எங்கப்பாக்கு இருந்துது."

"பார்த்தாச்சு. கிருமி இல்ல. ஆனா நுரையீரல்ல வேற ஏதோ இருக்கு. காய்ச்சல் தினமும் வருதா? நடுவுல எப்பவாவது நின்னுச்சா?"

"தம்பி வூட்டுக்குப் போனப்ப நின்னுச்சி டாக்டர்" என்றான் சத்யராஜ். "வந்ததும் மறுபடி ஆரம்பிச்சிடுச்சி."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "வீட்டுல மூச்சுல போற மாதிரி தூசி ஏதாவது இருக்கா? புறா வளர்க்கறீங்களா? என்ன வேலை செய்றீங்க?"

"காளான் போடறேன். மாடி ரூம்ல டென்ட் வச்சி."

"டென்டுக்குள்ள காத்து எப்படிப் போய் வரும்?"

"ஃபேன் இருக்குது டாக்டர்" என்று சத்யராஜ் முந்திக்கொண்டான். "நானே மாட்டனேன். பைப் வச்சி ஜன்னல் வழியா வெளிய வுட்டிருக்கேன்."

சுகாசினி போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "இல்லீங்க. பட்டம்மாக்கா நூல்ல தூள் படியுதுன்னாங்க. பைப்பை உள்ள திருப்பிட்டேன். ஜன்னல சாத்திட்டேன்."

"நீங்க எங்க படுப்பீங்க?" என்றார் டாக்டர்.

"அதே ரூம்லதான். புள்ளைக்கு ஒட்டிக்கும்னு... தனியா."

சத்யராஜ் ஸ்டூலிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

டாக்டர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். காளானின் தூள் சிலருடைய நுரையீரலுக்கு ஆகாது, மூச்சில் போய்ப் போய் உள்ளே வீங்கவைத்துவிடும், தூள் பட்ட சில மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் வரும், விலகி இருந்தால் அடங்கும் என்று நிதானமாகச் சொன்னார். "இது யாருக்கும் ஒட்டாது. உங்க பொண்ணு வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருக்கா. கூப்பிடவா?"

சுகாசினி தலையசைத்தாள். திரிஷா வந்து கட்டிலுக்கு ஓர் அடி தள்ளியே நின்றாள். இத்தனை நாள் பழக்கம். சுகாசினி கையை நீட்டிய பிறகும் பிள்ளை டாக்டர் முகத்தைப் பார்த்து அனுமதி வாங்கிக்கொண்டுதான் அருகில் வந்தது.

அந்தக் கையைப் பிடித்திருக்கும்போதே வேறொரு பயம் வந்தது. பைப்பைத் திருப்பிய பிறகு, பரீட்சை சமயத்தில், இந்தப் பெண்ணும் மாடியறையில் உட்கார்ந்து சில நாள் படித்திருக்கிறாள். டாக்டரிடம் சொன்னாள். திரிஷாவுக்கும் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று தெரியும்வரை சுகாசினி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சுகாசினிக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லமுடியவில்லை. வீக்கம் மாத்திரையில் வடியும், ஆனால் நாள் கடத்தியதால் சில இடங்களில் தழும்பு விழுந்திருக்கிறது, அது முழுதாக ஆறுமா என்று காலம்தான் சொல்லவேண்டும் என்றார் டாக்டர். மாஸ்க் போட்டுக்கொண்டுகூட அவள் இனி காளான் அறைக்குள் போகக்கூடாது.

அவள் வீடு திரும்புவதற்கு முன்பே சத்யராஜ் முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு டென்டைக் கழற்றி, கழுவி, மூட்டை கட்டிவிட்டான். மாடியறையின் ஜன்னல் திறந்து கிடந்தது. பட்டம்மாள் வந்து வாசலிலேயே நின்றாள்.

"நூலுக்காகத்தான் சொன்னேன். இப்டி ஆவும்னு தெரியாதுமா."

"நீங்க கேட்டது நியாயந்தான்க்கா. பைப்பை ஒசரத் தூக்கி வேற பக்கம் வுட்டிருக்கணும். கேட்டிருந்தா அவர் செஞ்சிருப்பார். நான் யாரையும் கேக்கல."

பட்டம்மாள் உள்ளே வந்து உட்கார்ந்து, கொண்டுவந்த கேழ்வரகுக் கூழை ஊற்றிக் கொடுத்தாள்.

சில மாதம் கழித்து, ஏனாத்தூரிலிருந்து தையல்நாயகி என்ற பெண் டென்டை விலைக்குக் கேட்டு வந்தாள். அவளும் அதே பயிற்சியை முடித்தவள். சுகாசினி முதலில் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். பிறகு உட்காரவைத்து, நடந்த எல்லாவற்றையும் சொன்னாள். தையல்நாயகி பயந்து ஓடிவிடுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் ஓடவில்லை.

"எனக்கு வூட்டாண்ட வெட்டவெளி இருக்குதுக்கா. கொட்டாய் தனியாப் போட்டிருக்கேன். நீங்களே வந்து பாருங்க."

சுகாசினி போய்ப் பார்த்து டென்டைக் கொடுத்தாள். அதை மாட்டும் நாளன்றும் போனாள். கொட்டகைக்கு வெகு தூரத்திலேயே, காற்று வரும் திசையில் நின்றுகொண்டாள். துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு, பைப்பைக் கூரைக்கு மேலே தூக்கிக் கட்டச் சொன்னாள். குடை முற்றும் முன்பே பறித்துவிட வேண்டும், மாஸ்க் இல்லாமல் உள்ளே போகவே கூடாது என்று திருப்பித் திருப்பிச் சொன்னாள். தையல்நாயகியின் கணவன் ஏணி வைத்துக் கட்டி முடித்து, ஃபேனைப் போட்டுக் காட்டும்வரை அங்கிருந்து நகரவில்லை. டீ குடிக்க உள்ளே கூப்பிட்டார்கள். வெளியிலேயே கொடுங்கள் என்றாள்.

இப்போது அவள் பானுவின் மெஸ்ஸுக்கு ஆர்டர் எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டியில் போய்ச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருகிறாள். மூன்று மாடி ஏறவேண்டிய இடம் என்றால், கீழே இறங்கி வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று போனில் சொல்லிவிடுவாள். வாரத்துக்கு ஒரு தடவையாவது தையல்நாயகிக்குப் போன் போட்டு, இருமல் ஏதும் இருக்கிறதா, சாயங்காலத்தில் உடம்பு சுடுகிறதா, குழந்தைகள் கொட்டகைப் பக்கம் போகிறார்களா என்று கேட்பாள். தையல்நாயகிக்குச் சில நாள் சலிப்பாக இருக்கும்.

"இல்லக்கா, ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் கீறேன்."

"பைப் எங்க கீது இப்போ?"

"மேலதான்க்கா. வெளியதான்."

"போய்ப் பாத்துட்டு சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்."